நாலு கப்பும் ஒரு லாந்தரும்

“சித்தி, இருட்டப்போகுது. கெதியா ஒரு கிடங்கு வெட்டி, உள்ளுக்கை இறங்கி மேலால மூடுங்கோ!”

அக்காவின் மகன் இதைச் சொன்னபோது நேரம் பின்னேரம் மூன்று மணி. ஓகஸ்ட் வெயில் முற்றத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. இருட்டப்போனது மடிக்கணினிக்குள். அவனுக்கு 11 வயது. விடுமுறைக்கு வவுனியாவிலிருந்து எங்களிடம் வந்திருந்தான். வந்த இரண்டாம் நாளே என்னைப் பக்கத்தில் இருத்தி, மைன்கிராஃப்ட் என்ற, எல்லாமே கட்டை கட்டையாய் இருக்கிற கணினி விளையாட்டில் எனக்கென்று ஒரு உலகத்தைத் திறந்து தந்துவிட்டான். அங்கே ஒரு முழு நாள் என்பது நம் கணக்கில் 20 நிமிடம். அதில் நல்ல வெளிச்சம் 10 நிமிடம்தான். எனக்குக் கிடைத்த அந்த 10 நிமிடத்தையும் நான் தண்ணீர் தேடியே கழித்திருந்தேன். வன்னியில் பிறந்தவர்கள் குடியிருக்க இடம் பார்த்தால் முதலில் பார்ப்பது தண்ணீரைத்தான். குளம் எந்தப் பக்கம், வாய்க்கால் எந்தப் பக்கம், கிணறு வெட்டினால் எத்தனை அடியில் ஊறும் என்பதெல்லாம் தெரிந்த பிறகுதான் மற்றது. இந்த விளையாட்டில் யாருக்கும் தாகம் எடுக்காது என்பது எனக்குத் தெரியாது. ஒரு ஆற்றங்கரையைக் கண்டுபிடித்து, நல்ல காணி என்று மனதுக்குள் சொல்லி நிமிர்ந்தபோது சூரியன் மரங்களுக்குக் கீழே இறங்கிவிட்டிருந்தது.

அவன் சொன்னபடியே வெட்டினேன். வெறுங்கையாலேயே மூன்று கட்டை ஆழம் இறங்கி, தலைக்கு மேலே ஒரு மண்கட்டையை வைத்து மூடினேன். திரை முழுக்கக் கறுத்தது. சற்று நேரத்தில் மேலே எங்கேயோ ஒரு ஸோம்பி, இருட்டில் வந்து தாக்குகிற நடைபிணம், முனகுகிற சத்தம் கேட்டது. அது ஒலிபெருக்கியிலிருந்து வருகிற சத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உள்ளங்கை வேர்த்துவிட்டது. ஒரு நிமிடம் இருந்திருப்பேன். மூடிய கட்டையை உடைத்து வெளியே ஏறினேன். ஏறிய கையோடு செத்தேன்.

“ஏன் சித்தி வெளியில வந்தனீங்கள்? உள்ளுக்கை இருந்திருந்தா ஒண்டும் செய்திருக்காது. விடிஞ்சிருக்கும்.”

அவன் உண்மையிலேயே விளங்காமல்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. அன்றிரவு படுத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. இந்த விளையாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள், காணொளி போடுகிறவர்கள் பலரும் முதல் இரவுக்கு இதையேதான் சொல்கிறார்கள்: நேரமில்லையென்றால் நிலத்தைத் தோண்டு, அல்லது மலையைக் குடை, உள்ளே போய் அடைத்துக்கொள், விடியும்வரை அசையாதே. விளையாட்டின் விதிப்படி இது சரியான புத்தி. ஆறு பக்கமும் கட்டை இருந்தால் எதுவும் கிட்ட வராது. அப்படியிருந்தும் எனக்கு அது ஒப்பவில்லை. ஏன் ஒப்பவில்லை என்று கண்டுபிடிக்க எனக்கு இரண்டு கிழமை ஆனது.

கிடங்கு

இலேசான பதில் ஒன்று இருக்கிறது. கிடங்கு என்றால் எங்களுக்கு என்ன என்று நான் எழுத வேண்டியதில்லை. இதை வாசிக்கிறவர்களில் பலர் வெட்டியிருப்பீர்கள். 2008 இல் போருக்குள் வீட்டை விட்டு இறங்கியபோது அப்பா கூரை மரங்களையும் ஓடுகளையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினார். அடுத்தடுத்த இடத்தில் ஓடு போனது, பிறகு மரம் போனது, கடைசியில் தறப்பாள் மட்டும் மிஞ்சியது. கொட்டில் சிறுக்கச் சிறுக்க, பக்கத்தில் வெட்டிய பங்கர் மட்டும் ஆழமாகிக்கொண்டே வந்தது. மாத்தளன் பக்கம் போனபோது அதுவும் முடியவில்லை. கடற்கரை மணலில் வெட்டினால் கரை இடிந்து உள்ளே விழும். கொஞ்சம் கூட இறங்கினால் தண்ணீர் வந்துவிடும். அம்மா தன் கல்யாணச் சேலையைக்கூடத் தைத்து மண்மூட்டை ஆக்கினா. மைன்கிராஃப்டில் பெரும்பாலான கட்டைகள் அந்தரத்தில் நிற்கும், மணலும் சரளைக்கல்லும் கீழே வைத்ததை எடுத்தால் பொலபொலவென்று விழும். அதைச் செய்தவர்களுக்கு மணலைத் தெரிந்திருக்கிறது.

ஆனால் நான் வெளியே ஏறியதற்கு இது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் அது முழு உண்மையில்லை. பங்கருக்குள் நான் பயந்தது மூடியிருந்ததற்காக அல்ல. உண்மையில் அந்த வயதில் இன்னும் இறுக்கமாக மூடவேண்டும் என்றுதான் கேட்டேன். அதனால் என் பதில் வேறு எங்கேயோ இருக்கவேண்டும் என்று தோன்றியது.

இடையில் இன்னொன்று நடந்தது. விளையாட்டின் பிறந்தநாள் எது தெரியுமா என்று அவன் கேட்டு, தானே சொன்னான்: 2009 மே 17. மார்க்கஸ் பெர்சன் என்ற சுவீடன்காரர் அன்றுதான் இதன் முதல் வடிவத்தை இணையத்தில் வெளியிட்டிருக்கிறார். அந்த முதல் வடிவத்தில் இரவும் இல்லை, ஸோம்பியும் இல்லை. கட்டையை வைக்கலாம், உடைக்கலாம், அவ்வளவுதான். அந்த நாளில், போரின் கடைசி நேரத்தில், நாங்கள் வட்டுவாகலில் நின்றோம். எனக்கு 13 வயது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அந்த மனிதருக்கு எங்களைத் தெரிந்திருக்கவும் நியாயமில்லை. ஆனால் திகதியைக் கேட்டதும் நான் எழும்பிப் போய்க் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அவனுக்குக் காரணம் சொல்லவில்லை. இன்னும் இரண்டு மூன்று வருடம் போகட்டும்.

கல் வீடு

கிடங்கு வேண்டாம் என்றால் வீடு கட்டவேண்டும். அடுத்த முறை தண்ணீரை மறந்துவிட்டு மரத்தில் கைவைத்தேன். ஒரு குத்தியிலிருந்து நாலு பலகை வரும். பலகையிலிருந்து வேலைமேசை, தடி, மரப் பிக்காசு. பிக்காசு வந்தால் கல். எட்டுக் கல்லில் ஒரு உலை. நிலக்கரி கிடைக்காவிட்டால் குத்தியையே உலையில் போட்டு மரக்கரி ஆக்கலாம். ஒரு கரியும் ஒரு தடியும் சேர்ந்தால் நாலு தீப்பந்தம். இந்த ஒழுங்கு அப்பாவுக்கு மிகவும் பிடித்துவிட்டது. சிறுபோக அறுவடை முடிந்து வீட்டில் நின்ற காலம். குந்தில் இருந்தபடி எங்கள் தோளுக்கு மேலால் பார்த்துக்கொண்டிருப்பார். மரத்தின் அடியை வெட்டினால் மேல்பாதி விழாமல் அந்தரத்தில் நிற்பதை மட்டும் அவரால் பொறுக்கமுடியவில்லை. “விழுத்தடா தம்பி, யாரும் கீழால போனா?” என்று பேரனை அதட்டினார். 2022 இல் வந்த மாற்றத்தில் சேற்றையும் கோதுமையையும் சேர்த்து இறுகிய மண் ஆக்கலாம் என்று அவன் செய்துகாட்டியபோது அப்பா எழும்பிக் கிட்ட வந்துவிட்டார். புற்றுமண்ணும் வைக்கோலும் குழைத்து மிதித்துச் சுவர் வைத்தவர். “எந்த நாட்டுக்காரர் செய்தது? சுவீடனோ? அவையளுக்கும் மண்வீடு தெரிஞ்சிருக்கு” என்றார்.

நான் கட்டியது கல்வீடு. 2013 இல் இந்திய வீட்டுத்திட்டத்தில் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் தவணை தவணையாக எடுத்து நாங்களே நின்று கட்டிய இந்த வீட்டை அப்படியே அளந்து கட்டினேன். முன்னால் விறாந்தை, நடுவில் கூடம், இரண்டு அறை, பின்னால் குசினி. கதவு போட்டேன். யன்னலுக்குக் கண்ணாடி போட்டேன். கூடத்தில் பந்தம் நட்டேன். பின்னறையைச் சாமான் வைக்க என்று நாலு பக்கமும் இறுக்கி, பெட்டியை உள்ளே வைத்து, அதற்கும் ஒரு கதவு போட்டேன். எல்லாவற்றையும் சாத்திவிட்டு நிம்மதியாக மலைப்பக்கம் இரும்பு தேடிப் போனேன். திரும்பி வந்து பின்னறைக் கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு கிரீப்பர், கிட்ட வந்து வெடிக்கிற ஜந்து, நின்றது. கை இல்லாமல் பச்சையாய், அசையாமல். சீறுகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான். பின்சுவர் இல்லை, பெட்டி இல்லை, நான் இல்லை.

“கதவு பூட்டித்தானே இருந்தது?” என்று அப்பா கேட்டார். எனக்கும் அதுதான் விளங்கவில்லை. எந்தப் பக்கத்தால் வந்தது?

“வரேல்லை அம்மப்பா. உள்ளுக்கையே பிறந்தது. பின்னறையில சித்தி பந்தம் வைக்கேல்லை. இருட்டா இருந்தா எங்கையும் பிறக்கும். சுவர் எல்லாம் கணக்கில்லை.”

அவன் சொன்னது விளையாட்டின் அடிப்படை விதி. இந்த ஜந்துக்கள் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை. வெளிச்சம் அறவே இல்லாத இடத்தில், நாம் கொஞ்சம் தள்ளிப் போயிருக்கும்போது, தானாகத் தோன்றும். நாம் கட்டிய அறையானாலும் அதற்கு ஒன்றுதான். ஒரு பந்தம் நட்டிருந்தால் போதும், அந்த அறை முழுக்க எதுவும் பிறந்திருக்காது. நான் கல்லுக்கு மூன்று நாள் செலவழித்தேன், ஒரு பந்தத்துக்கு ஒரு நொடி செலவழிக்கவில்லை.

அப்பா திரும்பிப் போய்க் குந்தில் இருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அதைத்தானே பிள்ளை அண்டைக்கும் சொன்னனான்” என்றார்.

“எண்டைக்கு?”

“வந்த அண்டிரவு.”

வந்த அன்றிரவு

2010 கடைசியில் செட்டிகுளம் முகாமிலிருந்து திரும்பி வந்தோம். முத்தையன்கட்டு வாய்க்கால் பக்கம் எங்கள் காணி. வளவை அடையாளமே தெரியவில்லை. பற்றை ஆளுயரம். வீடு இருந்த இடத்தில் அத்திவாரமும், கிணற்றுக்குள் குப்பையும். எங்கள் கையில் கொஞ்சத் தகரம், ஒரு தறப்பாள், ஒரு கோடரி, மண்வெட்டி, ஒரு அரிக்கன் லாந்தர். பற்றையை வெட்டி நிலத்தைத் துப்புரவாக்கவே பின்னேரமாகிவிட்டது. கூரையைத் தாங்குகிற கப்புக்கு மரம் வேண்டும். பாலையும் முதிரையும் வீரையும் நிற்கிற காடு கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஆனால் உள்ளே இறங்க முடியாது. மிதிவெடி எடுக்காத பக்கமெல்லாம் சிவப்புப் பலகை நட்டிருந்தார்கள். அப்பா கோடரியோடு கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு எங்கள் வேலிக்கே போனார். நாங்கள் ஊரை விட்டுப் போகும்போது கதியாலாக நின்ற பூவரசுகள் இரண்டு வருடமாய் வெட்டுப்படாமல் தொடை மொத்தத்துக்கு வளர்ந்திருந்தன. அதில் நாலைத் தறித்தார். பச்சைப் பூவரசு கப்புக்கு உதவாது என்று அவருக்குத் தெரியாமலில்லை.

நாலு கப்பு நட்டு, மேலே தகரம் போட்டுக் கட்டினார். நிலம் ஈரம், அதனால் தறப்பாளைக் கீழே விரித்தார். கைமரத்தில் லாந்தரைத் தொங்கவிட்டார். அத்தோடு மண்வெட்டியைக் கழுவப் போய்விட்டார். நாலு பக்கமும் திறந்து கிடந்தது.

எனக்கு அப்போது 14 வயது. ஒன்றரை வருடத்துக்கு மேல் முகாமில், சுவர் என்ற பேரில் துணி ஆடுகிற கூடாரத்தில் இருந்துவிட்டு வந்தவள். எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு சுவர். உடுப்பு மாற்ற, திரும்பிப் படுக்க, யாரும் பார்க்காமல் அழ. தறப்பாளை எடுத்துச் சுற்றவரக் கட்டுங்கோ என்று கேட்டேன். அப்பா மாட்டேன் என்றார். அம்மாவும் கேட்டுப் பார்த்தா. கடைசியில் அம்மா ஒரு மூலையில் குறுக்கே சேலையைக் கட்டித் தந்தா. அப்பாவுக்கு எங்கள் கஷ்டம் விளங்காது, வயலில் காவல் கொட்டில் போட்ட பழக்கத்தில் வீட்டையும் அப்படியே போட்டுவிட்டார் என்று நான் முடிவு கட்டினேன். அந்த முடிவை இத்தனை வருடமும் மாற்றவில்லை. அவரோடு கோபமும் இல்லை. ஆனால் அது உள்ளே கிடந்தது.

இப்போது கேட்டேன். ஏன் அடைக்கவில்லை என்று.

“ஒரு போத்தல் எண்ணெய்தான் கையில இருந்தது. அடைச்சுப்போட்டு உள்ளுக்கை லாந்தரைக் கொளுத்தினா எங்களை நாங்கள்தான் பாக்கலாம். வெளியில என்ன நிக்குதெண்டு தெரியாது. வெளிக்கு வெளிச்சம் விழவேணும். பாம்பு பூச்சி கண்ணுக்குத் தெரியவேணும். யானை நிண்டா அதுக்கும் தெரியவேணும், இங்க ஆள் இருக்கெண்டு. தறப்பாளுக்கு யானை நிக்குமோ?”

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்த இரவின் மிச்சப் பாதி ஞாபகம் வந்தது. நடுச்சாமத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் கொப்பு முறிகிற சத்தம். அம்மா எங்களைச் சேர்த்துப் பிடித்தா. அப்பா எழும்பி லாந்தரைக் கழற்றி உயர்த்திப் பிடித்தார். வெளிச்சம் அவ்வளவு தூரம் எட்டவில்லை. ஆனால் சத்தம் நின்றது. எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு இருந்தோம். பிறகு சத்தம் மெல்ல மெல்லக் காட்டுப்பக்கம் போனது. அப்பா லாந்தரைத் திரும்பத் தொங்கவிட்டார், படுக்கவில்லை. கப்பில் சாய்ந்தபடி விடியும்வரை இருந்தார். நான் சேலைக்குப் பின்னால் படுத்திருந்து அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நித்திரை வந்தது அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான். இத்தனை வருடத்தில் சுவர் இல்லாதது ஞாபகம் இருந்தது, அந்த முதுகு ஞாபகம் இருக்கவில்லை.

சரி, சுவர் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 14 வயதுப் பிள்ளைக்குச் சுவர் வேண்டும். அது கேட்டது பிழையில்லை. அப்பா இரண்டு கிழமைக்குள் மண்சுவர் வைத்துத் தந்தார். ஆனால் முதல் இரவுக்கு எது முதல் என்பதில் அவர் கணக்குச் சரியாக இருந்தது.

காவல் கொட்டில்

அடுத்த நாள் புதிதாய் ஒரு உலகம் திறக்கச் சொன்னேன். அக்காவின் மகனுக்கு ஒரே சந்தேகம். 10 நிமிடத்தில் மரம் வெட்டி, கல் எடுத்து, உலை வைத்து, மரக்கரி சுட்டு, கிடைத்த எல்லாவற்றையும் பந்தமாக்கினேன். 16 பந்தம் வந்தது. வீட்டுக்கு என்று நான் செய்தது நாலு மூலைக்கு நாலு கப்பு, மேலே பலகைக் கூரை, சுற்றிவர மரவேலி, ஒரு படலை. கப்பில்லாமலே கூரை நிற்கும், மரம் வீண் என்று அவன் சொன்னான். அப்பா இருக்கிறார், கப்பு இருக்கட்டும் என்றேன். பந்தங்களை வேலிக்கு வெளியே தள்ளித் தள்ளி வளையமாக நட்டேன். சூரியன் விழுந்தபோது எனக்கு நாலு பக்கமும் தெரிந்தது.

விளையாட்டின் கணக்கில் கிடங்குதான் இதைவிடப் பாதுகாப்பு. அதை மறைக்கக் கூடாது. வேலியை ஸோம்பியால் தாண்ட முடியாது, கிரீப்பராலும் முடியாது, ஆனால் சிலந்தி ஏறிவிடும். எலும்புக்கூட்டின் அம்பு திறந்த பக்கத்தால் நேராக வரும். இரண்டு அம்பு வாங்கினேன். ஒரு சிலந்தியை வேலிக்கு மேலேயே வைத்து அடித்தேன். மூன்று ஆட்டின் மயிர் சேர்த்துக் கட்டிலும் செய்து வைத்திருந்தேன், படுத்தால் இரவு ஓடிவிடும் என்று. படுக்கப் போனால், பக்கத்தில் அரக்கர்கள் இருப்பதால் இப்போது உறங்க முடியாது என்று எழுத்து வந்தது. “உது சரிதானே. காவல் கொட்டிலுக்கை ஆர் படுக்கிறது?” என்றார் அப்பா. ஏழு நிமிட இரவு. மூன்று பேரும் கண்ணை எடுக்காமல் இருந்தோம். அப்பா வலப்பக்கம், அக்காவின் மகன் இடப்பக்கம், ஏதாவது அசைந்தால் கத்துவார்கள், நான் திரும்புவேன். கிழக்கு வெளுத்தபோது வேலிக்கு வெளியே நின்ற ஸோம்பிகள் வெயில் பட்டுப் பற்றி எரிந்தன. எலும்புக்கூடு மர நிழலுக்கு ஓடியது. நான் செத்திருக்கவில்லை. அக்காவின் மகன் கையைத் தட்டினான்.

அப்பா திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “உந்தக் கப்பு துளிர்க்காதோ?” என்றார்.

முற்றத்தில் எங்கள் கப்பு நிற்கிறது. அந்த நாலில் மூன்று அடுத்த மாரிக்குள் உக்கிப்போயின. தென்மேற்கு மூலையில் நட்டது மட்டும் தகரத்துக்குக் கீழேயே இலை விட்டது. அம்மா அதை வெட்டவிடவில்லை. கொட்டிலைப் பிரித்தபோது அதைச் சுற்றிவிட்டுப் பிரித்தோம். வீட்டுத்திட்ட வீட்டுக்கு அத்திவாரம் போட்டபோது அளவை மூன்று அடி தள்ளிப் போட்டோம். இப்போது நல்ல நிழல். கொடிக்கயிறு அதில்தான் கட்டியிருக்கிறது.

“அது வெட்டின மரம் அம்மப்பா. துளிர்க்காது. கன்று வைச்சாத்தான் வரும்” என்று அக்காவின் மகன் சொன்னான். சொல்லிவிட்டு மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பி, படலையைத் திறந்து வெளியே போய், வேலியோரம் ஒரு ஓக் கன்றை நட்டான். “இரவில வளர இதுக்கு வெளிச்சம் வேணும்” என்று, பையில் கடைசியாக மிச்சமிருந்த பந்தத்தை அதன் பக்கத்தில் குத்தினான்.